குரல் அருள்பணியாளருடையது, கைகள் நம்முடையவை



தொடக்கநூல் 27ஆம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சி நாம் அனைவரும் அறிந்ததே. முதுமையால் பார்வை மங்கிப்போன ஈசாக்கு, தம் மூத்த மகன் ஏசாவுக்கு ஆசி வழங்கக் காத்திருக்கிறார். ரெபேக்காவோ இளைய மகன் யாக்கோபின் கைகளிலும் கழுத்திலும் ஆட்டுக்குட்டியின் தோலைச் சுற்றி, தந்தையிடம் அனுப்பி வைக்கிறார். ஈசாக்கு மகனைத் தடவிப் பார்க்கிறார். காதில் விழும் குரல் இளையவனுடையது. தொட்டுப் பார்க்கும் கைகளோ மூத்தவனுடையவை போல இருக்கின்றன. காது சரியாகத்தான் சொன்னது. ஆனால் ஈசாக்கு கைகளை நம்பி ஏமாந்தார்.

வானொலியில் நாம் கேட்கும் ஒவ்வொரு மறையுரையிலும் ஒரு குரலும் சில கைகளும் உண்டு. குரல் அருள்பணியாளருடையது. கைகள், அந்தக் குரலைப் பதிவுசெய்து, வெட்டி, ஒட்டி, நேரத்துக்குள் அடக்கி அனுப்புகிறவர்களுடையவை. வீட்டில் இருந்து கேட்பவருக்குக் குரல் மட்டுமே தெரியும். கைகள் செய்ததை அவர் காண முடியாது. அவர் நம்பிக் கேட்கிறார்.

இன்று பல பங்குகளில் இந்தக் கைகள் நம் இளையோரின் கைகள். திருப்பலி முடிந்ததும் மறையுரையைக் கணினியில் ஏற்றி, வானொலிக்கு ஒரு வடிவம், யூடியூபுக்கு ஒரு வடிவம், வாட்ஸ்அப்புக்குச் சிறு துண்டு என்று பிரித்துத் தருகிறார்கள். ஆகவே இந்த வாரம் நாம் விசைப்பலகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சிந்திப்போம். குறிப்பாக, ஓர் ஒலித்தொகுப்பு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நம் விரல்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். கணினியைத் தொடாதவர்களும் தொடர்ந்து வாசியுங்கள். முடிவில் சொல்லப்போவது கேட்பவர்கள் எல்லாருக்கும் உரியது.

பிளேடால் வெட்டிய காலம்

வத்திக்கான் வானொலி 1931ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் தொடங்கியது. அதை அமைத்துக் கொடுத்தவர் மார்க்கோனி. முதல் நாளில் பேசியவர் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ். நேரடி ஒலிபரப்பில் சொன்னது சொன்னதுதான், வெட்டுவதற்கு இடமில்லை.

பிறகு ஒலிநாடா வந்தது. நாடா நொடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடும் கருவியில் அரை நொடி மௌனம் என்பது ஏறக்குறைய ஒன்பதரை சென்டிமீட்டர் நாடா. தொகுப்பவர் நாடாவைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்தி, வெட்ட வேண்டிய இடத்தை மெழுகுப் பென்சிலால் குறித்து, பிளேடால் சாய்வாக வெட்டி, பசை நாடாவால் ஒட்டுவார். வெட்டிய துண்டு தரையில் கிடக்கும். தேவையானால் குனிந்து எடுத்துக்கொள்ளலாம். வெட்டுவது கடினமாக இருந்ததால், வெட்டுவதற்கு முன் இருமுறை யோசித்தார்கள்.

இன்று அதே வெட்டு ஒரு விசையில் நடந்துவிடுகிறது. வெட்டுவதும் ஒட்டுவதும் இப்படி எளிதாகக் காரணமானவர்களுள் ஒருவர் லாரி டெஸ்லர். 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், எழுத்துகளை வெட்டி, நகலெடுத்து, ஒட்டும் முறையை உடன் பணியாற்றியவரோடு சேர்ந்து உருவாக்கினார். எழுத்துக்காக வந்த அந்த முறைதான் பின்னாளில் ஒலிக்கும் வந்தது. 1999இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டேனன்பர்க் ஆகிய இருவர் தொடங்கிய ஆடாசிட்டி, 2000இல் வெளிவந்து, காசு கொடுத்து வாங்க இயலாதவர்களின் கைகளிலும் ஒலித்தொகுப்பைக் கொண்டுவந்து சேர்த்தது.

ஒன்றுக்கு மேற்பட்ட மென்பொருள் ஏன்?

ஒரே மென்பொருளோடு இருந்துவிட்டால் குழப்பமே இல்லையே என்று கேட்கலாம். நடைமுறையில் அது முடிவதில்லை. பங்கு அலுவலகக் கணினியில் இருப்பது பெரும்பாலும் ஆடாசிட்டி. அது இலவசம், மின்விசிறியின் இரைச்சலைக் குறைக்கும் வசதியும் அதில் உண்டு. வானொலி நிலையங்களில் பலர் பழகியிருப்பது அடோபியின் ஆடிஷன். கூல் எடிட் ப்ரோ என்ற பெயரில் இருந்ததை அடோபி நிறுவனம் 2003இல் வாங்கி, பெயர் மாற்றி வெளியிட்டது. பாடகர் குழுவின் பாடல்களைப் பல தடங்களில் பதிவு செய்யும் இளையோரின் மடிக்கணினியில் ரீப்பர் இருக்கும். ஆக, மறையுரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போது மென்பொருளும் மாறுகிறது. சில நேரம் ஒரே கணினியில் இரண்டும் திறந்திருக்கும்.

இங்கே முதலில் அறிய வேண்டியது: ஒரு மென்பொருளின் ப்ராஜெக்ட் கோப்பை மற்றொன்று திறக்காது. ஆகவே ஒலியை வேவ் கோப்பாக எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். எம்பி3 ஆக மாற்றி மாற்றிக் கொடுத்தால், ஒவ்வொரு முறையும் ஒலியின் தரம் சிறிது குறையும். எம்பி3 கடைசியில் ஒரே ஒரு முறை போதும்.

எங்கும் ஒத்துப்போகும் விசைகள்

வானொலியில் கேட்டபோது குறித்துக்கொள்ள இயலாதவர்களுக்காக விசைகளை இங்கே வரிசையாகத் தருகிறோம். இவை ஆடாசிட்டி 3, ஆடிஷன், ரீப்பர் ஆகியவற்றை விண்டோஸ் கணினியில் நிறுவியவுடன், எதையும் மாற்றாதபோது இருக்கும் விசைகள்.

ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக: ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு டேப் விசையைத் தட்டவும். ஒரு முறை தட்டிவிட்டால், கடைசியாக இருந்த சாளரத்துக்குத் திரும்பும். ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பிடித்தால் பட்டியல் பின்னோக்கி நகரும். மேக் கணினியில் ஆல்ட்டுக்குப் பதிலாகக் கமாண்ட்.

நேராக ஒரு மென்பொருளுக்குப் போக: அதைத் திரையின் கீழ்ப்பட்டையில் நிலையாகப் பொருத்தி வைத்தால், விண்டோஸ் விசையோடு அதன் வரிசை எண்ணை அழுத்தினால் போதும். முதலாவது என்றால் 1, இரண்டாவது என்றால் 2.

ஓடவிடவும் நிறுத்தவும்: மூன்றிலும் ஸ்பேஸ் பார்.

சேமிக்க: மூன்றிலும் கன்ட்ரோலும் எஸ்ஸும்.

கடைசியாகச் செய்ததை மீட்க: மூன்றிலும் கன்ட்ரோலும் இசட்டும்.

இந்தக் கடைசி விசையைப் பற்றி ஒரு சொல். அது முன்னால் இருக்கும் சாளரத்துக்கு மட்டுமே கீழ்ப்படியும். ஆடாசிட்டியில் தவறாக வெட்டிவிட்டு, ஆடிஷனுக்கு வந்தபின் மீட்பு விசையை அழுத்தினால், ஆடாசிட்டியின் தவறு அப்படியே இருக்கும். ஆடிஷனில் சரியாகச் செய்த வேலைதான் அழியும். மேலும், ஆடாசிட்டியில் ப்ராஜெக்டை மூடிவிட்டால், மீட்கும் வழியும் அதோடு மூடிவிடும்.

ஒரே விசை, வெவ்வேறு வேலை

சிக்கல் தொடங்குவது இங்கேதான். தட்டச்சு பழகியவர்களின் விரல்கள் யோசித்து அழுத்துவதில்லை, பழக்கத்தால் அழுத்துகின்றன. மென்பொருள் மாறியது கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரிவதில்லை.

ஆர் எழுத்து: ஆடாசிட்டியில் அதை அழுத்தினால் ஒலிப்பதிவு தொடங்கிவிடும். ஆடிஷனின் மல்டிட்ராக் பக்கத்தில் வெட்டும் பிளேடு கையில் வரும். ரீப்பரில் திரும்பத் திரும்ப ஓடும் முறை மாறும். பதிவு செய்ய ஆடிஷனில் ஷிஃப்ட்டும் ஸ்பேஸ் பாரும், ரீப்பரில் கன்ட்ரோலும் ஆரும் வேண்டும்.

ஒலியை இரண்டாகப் பிரிக்க: ஆடாசிட்டியில் கன்ட்ரோலும் ஐயும். ஆடிஷனின் மல்டிட்ராக்கில் கன்ட்ரோலும் கேயும். ரீப்பரில் வெறும் எஸ் எழுத்து.

கன்ட்ரோலும் கேயும்: ஆடிஷனில் பிரிப்பதற்கு அழுத்தும் இதே விசைகள், ஆடாசிட்டியில் தேர்ந்தெடுத்த பகுதியை நீக்கிவிடும். ஆடிஷனில் பிரித்த இரு துண்டுகளும் பத்திரமாக இருக்கும். ஆடாசிட்டியில் அந்த வாக்கியமே போய்விடும். பின்னால் உள்ளது முன்னால் வந்து ஒட்டிக்கொள்வதால் இடைவெளிகூடத் தெரியாது.

கன்ட்ரோலும் டியும், அதாவது 'டேப்' என்ற சொல்லின் முதல் எழுத்தான டி: ரீப்பரில் புதிய தடம் ஒன்றைச் சேர்க்கும். ஆடாசிட்டியிலோ, தேர்ந்தெடுத்த பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு வெளியே உள்ளதை நீக்கிவிடும். ஓரிடத்தில் சேர்க்கும் விசை இன்னோரிடத்தில் கழிக்கிறது.

அடையாளம் வைக்க: ஆடிஷனிலும் ரீப்பரிலும் எம் எழுத்து மட்டும் போதும். ஆடாசிட்டியில், ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோலும் எம்மும்.

புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில், தாம் விரும்புவதைச் செய்யாமல் விரும்பாததையே செய்துவிடுவதைப் பற்றி வருந்துகிறார். அவர் பேசியது பாவத்தைப் பற்றி; நாம் பேசுவது பழக்கத்தைப் பற்றி. ஆனாலும் இரண்டுக்கும் ஓர் உறவு உண்டு. நல்ல மனம் மட்டும் போதாது. கைகளையும் பழக்க வேண்டும்.

விரல்களுக்கு ஒரே பாடம்

பழக்குவதற்கு வழி உண்டு. மூன்று மென்பொருள்களிலும் விசைகளை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். ஆடாசிட்டியில் எடிட் பட்டியலில் உள்ள பிரிஃபரன்சஸ் பக்கத்தில் விசைகளுக்குத் தனி இடம் உண்டு. ஆடிஷனில் ஆல்ட்டும் கேயும் அழுத்தினால் விசைப் பட்டியல் திறக்கும். ரீப்பரில் கேள்விக்குறியை அழுத்தினால் செயல்களின் பட்டியல் வரும்.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். ஆபத்தான ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். ஆடாசிட்டியில் கன்ட்ரோல் கே விசையை நீக்குவதிலிருந்து எடுத்து, பிரிப்பதற்குக் கொடுத்துவிடலாம். நீக்குவதற்கு டெலிட் விசை இருக்கவே இருக்கிறது. ரீப்பரிலும் பிரிப்பதற்கு அதே விசையைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது மூன்று இடங்களிலும் ஒரே விசை ஒரே வேலையைச் செய்யும். பழக்கத்தால் அழுத்தினாலும் எதுவும் அழியாது.

ஆனால், பலர் பயன்படுத்தும் பங்குக் கணினியில் இப்படி மாற்றினால், மாற்றியதை ஒரு தாளில் எழுதித் திரையின் அருகே ஒட்டிவிடுங்கள். அடுத்து அமர்பவருக்குச் சொல்லாமல் மாற்றுவது, அடுத்தவர் வீட்டுப் படிக்கட்டை இரவோடு இரவாக இடம் மாற்றி வைப்பது போன்றது.

இன்னும் மூன்று பழக்கங்கள் உதவும். முதலாவது, பதிவு செய்த மூல ஒலியைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்வது. இரண்டாவது, சாளரம் மாறுமுன் சேமிப்பது. மூன்றாவது, சாளரம் மாறியவுடன் முதலில் ஸ்பேஸ் பாரை அழுத்தி, சில நொடிகள் கேட்பது. எந்த மென்பொருளில் இருக்கிறோம் என்று அப்போது மனம் உணர்ந்துகொள்ளும். கைகளுக்கு முன் காது வேலை செய்யட்டும். ஈசாக்கின் கதையிலும் உண்மையைச் சொன்னது காதுதான்.

பார்வையற்றோர் காட்டும் வழி

குறுக்குவிசைகள் நம்மில் பலருக்கு நேரத்தை மிச்சப்படுத்தும் வசதி. பார்வையற்றோருக்கோ அவை கதவு. சுட்டியை எங்கே நகர்த்துவது என்று காண முடியாதவர், விசைப்பலகையாலேயே ஒலியைத் தொகுக்க முடியும். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளை 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே ஆகிய இருவருமே பார்வையற்றவர்கள். ரீப்பரைப் பார்வையற்றோர் பயன்படுத்த உதவும் ஓசாரா என்ற துணை மென்பொருளையும் உருவாக்கியவர் ஜேம்ஸ் டே.

நம் பங்கில் பார்வைக் குறையுள்ள இளைஞரோ இளம்பெண்ணோ இருந்தால், அவர்களைப் பாடகர் குழுவோடு நிறுத்திவிட வேண்டாம். ஒலித்தொகுப்புக்கு வேண்டியது கூர்ந்த காது. எரிகோ சாலையோரத்தில் அமர்ந்திருந்த பர்த்திமேயு, இயேசு வருகிறார் என்பதைக் காதால்தான் அறிந்துகொண்டார். அவரைப் பேசாதிருக்கச் சொன்னவர்களுக்குக் கண் தெரிந்தது, அவருக்கோ கேட்டது.

தமிழில் கடைசிச் சொல்

இனி, இதில் உண்மையிலேயே நாம் அஞ்ச வேண்டியது எது என்று பார்ப்போம்.

விசை தவறினால் ஒலி அழியும். மூலப் பதிவு இருந்தால் மீண்டும் தொடங்கலாம். அது பெரிய இழப்பு அல்ல. தவறான இடத்தில் நடந்த வெட்டு, சரியான வெட்டைப் போலவே கேட்பதுதான் ஆபத்து.

ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வந்துவிடும். தமிழில் அது கடைசியில் வருகிறது. 'இல்லை', 'அல்ல', 'கூடாது', 'தவறு' எல்லாம் வாக்கியத்தின் வாலில் இருக்கும். 'என்று சிலர் சொல்கிறார்கள்' என்பதும் அப்படியே. இதை நினைவில் வைத்துக்கொண்டு ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். பிறவியிலேயே பார்வையற்றவரை இயேசு நலமாக்கிய யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தைப் பற்றி ஒருவர் மறையுரை ஆற்றுகிறார். 'நோய் என்பது பாவத்துக்குக் கடவுள் தரும் தண்டனை என்று நினைப்பது தவறு' என்கிறார். 'தண்டனை' என்ற சொல்லுக்குப் பின் ஒரு மூச்சு விடுகிறார். திரையில் அந்த இடம் வெட்டுவதற்கு வாகான பள்ளமாகத் தெரிகிறது. அங்கே ஒரு வெட்டு விழுந்தால் மிஞ்சுவது என்ன? 'நோய் என்பது பாவத்துக்குக் கடவுள் தரும் தண்டனை.' இலக்கணப் பிழை இல்லாத முழு வாக்கியம். அதே அருள்பணியாளரின் அதே குரல். அவர் சொன்னதற்கு நேர் எதிரான பொருள்.

அந்தச் சிறு துண்டு வாட்ஸ்அப்பில் போகிறது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒரு தாய் மருத்துவமனைக் கட்டிலில் அதைக் கேட்கிறார். அவர் அந்தக் குரலை அறிவார். அந்தக் குரலை நம்புகிறார். வெட்டிய கை அவருக்குத் தெரியாது. இயேசு தம் சீடர்களிடம் மறுத்த அதே எண்ணத்தை, இயேசுவின் பெயராலேயே நாம் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறோம். பிறகு எந்த மீட்பு விசை அவருடைய அந்த இரவை மீட்கும்?

ஆகவே தமிழில் ஒலியைத் தொகுப்பவர்களுக்கு ஒரு விதி: வாக்கியத்தின் நடுவில் தடுமாறிய சொல்லை நீக்கலாம், இருமலை நீக்கலாம், ஒலிவாங்கியில் கை பட்ட சத்தத்தை நீக்கலாம். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும், இரண்டு முறை கேட்காமல் தொடக்கூடாது.

மௌனத்துக்கும் இது பொருந்தும். ஆடாசிட்டியில் மௌனங்களைத் தானாகவே சுருக்கிவிடும் வசதி உண்டு. பன்னிரண்டு நிமிட உரையைப் பத்து நிமிட நேரத்துக்குள் அடக்க அது கைகொடுக்கும். ஆனால், 'உன் சகோதரன் எங்கே?' என்ற கேள்வியை நம் முன் வைத்துவிட்டு ஒருவர் ஐந்து நொடி அமைதியாக இருந்தால், அந்த ஐந்து நொடியும் மறையுரைதான். நாம் பதில் தேடுவதற்காக அவர் கொடுத்த நேரம் அது. எந்த மௌனம் களைப்பு, எந்த மௌனம் அழைப்பு என்று மென்பொருளுக்குத் தெரியாது. காதுள்ளவருக்குத் தெரியும்.

கேட்பவர்களுக்கும் ஒரு பணி

1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட ஆணையில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றிப் பேசியது. அதன் பயனாக 1967 முதல் உலகச் சமூகத் தொடர்பு நாளைத் திருஅவை கொண்டாடி வருகிறது. 2022ஆம் ஆண்டுச் செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ், இதயத்தின் செவியால் கேட்பதைப் பற்றி நம்மைச் சிந்திக்க அழைத்தார். கேட்பது என்பது தொகுப்பவருக்கு மட்டும் உரிய வேலை அன்று. அரை நிமிடத் துண்டு ஒன்று நம் கைப்பேசிக்கு வந்து, 'நம் சாமியார் இப்படியா பேசினார்!' என்று நாம் திகைத்தால், பிறருக்கு அனுப்புமுன் முழு மறையுரையையும் கேட்போம். அது கிடைக்காவிட்டால் அவரிடமே கேட்போம். அனுப்பும் பொத்தானை அழுத்துவதும் நம் கைதான்.

தொகுப்பவர்களே, வேலை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை முழுவதும் கேளுங்கள். முடிந்தால் மறையுரை ஆற்றியவரிடமே ஒரு முறை கேட்கக் கொடுங்கள். உங்கள் கைகள் வெளியே தெரிவதில்லை. பீடத்தில் மெழுகுதிரி ஏற்றுபவரின் கையும், அப்பத்துக்கு மாவு பிசைந்தவரின் கையும் தெரிவதில்லை. ஆனால் அவை இல்லாமல் வழிபாடு இல்லை.

மன்றாடுவோம். உமது வார்த்தையால் உலகைப் படைத்த இறைவா, அந்த வார்த்தையைச் சுமந்து செல்லும் எங்கள் குரல்களையும் கைகளையும் ஆசீர்வதித்தருளும். எதை வெட்ட வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்று அறியும் தெளிவைத் தாரும். நாங்கள் காணாத இடத்தில், எங்களை நம்பிக் கேட்டுக்கொண்டிருப்போருக்கு, சொல்லப்பட்டது சொல்லப்பட்டபடியே போய்ச் சேரச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.